ஐந்து மாவட்டங்கள், ஒரே அட்டவணை

டீயைக் குடித்துக்கொண்டே கேள், தங்கச்சி. பினாங்கின் ஐந்து மாவட்டங்களுக்கும் தனித்தனி அட்டவணை வைத்திருக்கிறாய். தீவில் தீமோர் லாவுட்டும் பாராட் டாயாவும். எதிர்க்கரையில் செபராங் பிறையின் வடக்கு, மத்தி, தெற்கு. எல்லாவற்றையும் ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்க வேண்டும், அவ்வளவுதானே? ஆர் மொழியில் அதற்கு ஆர்பைண்ட் என்ற கட்டளை இருக்கிறது.

அட்டவணை டேட்டா ஃபிரேமாக இருந்தால், ஆர்பைண்ட் நிரலின் பெயரைப் பார்த்து அடுக்கும். ஒன்றில் ஆண், பெண் என்றும் இன்னொன்றில் பெண், ஆண் என்றும் இருந்தாலும் சரியாகச் சேர்த்துவிடும். மேட்ரிக்ஸாக இருந்தால் பெயரைப் பார்க்காது, இடத்தைத்தான் பார்க்கும். ஆண்களின் கீழ் பெண்களின் எண்ணிக்கை போய் உட்காரும், எச்சரிக்கைகூட வராது. எது கையில் இருக்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்.

ஒரு மாவட்டக் கோப்பில் தலைப்பு மலாயிலும் மற்றதில் ஆங்கிலத்திலும் இருந்தால் ஆர்பைண்ட் மறுத்து நின்றுவிடும். டிபிளைஆர் தொகுப்பின் பைண்ட்ரோஸ் நிற்காது. இரண்டையும் இரண்டு நிரல்களாக்கி, வெற்றிடங்களில் 'என்ஏ' போட்டுவிடும். வேலை முடிந்ததுபோல் தோன்றும். நான் உடனே நிற்கிற கட்டளையைத்தான் விரும்புவேன். ஆனால் காற்புள்ளியோடு தட்டிய எண் ஒரு கோப்பில் எழுத்தாக நுழைந்திருந்தால் கதை தலைகீழ்: ஆர்பைண்ட் சத்தமில்லாமல் நிரல் முழுவதையும் எழுத்தாக்கிவிடும், பைண்ட்ரோஸ்தான் மறுக்கும்.

கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் லூப்பில் ஒவ்வொன்றாக ஒட்டாதே. ஒவ்வொரு முறையும் அதுவரை சேர்ந்தது முழுவதும் மறுபடி நகலாகும். எல்லாவற்றையும் ஒரு லிஸ்டில் போட்டு, கடைசியில் ஒரே தடவையில் சேர்.

இனி, நீ சேர்க்க நினைக்கும் பழைய குடிக்கணக்கு. இங்கேதான் நிதானம் வேண்டும், ஏனென்றால் நம் முன்னோர்கள் அந்த வரிசைகளில்தான் இருக்கிறார்கள். பினாங்கும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் 1871 கணக்கில் ஜாவி பெக்கான் என்று ஒரு தனி வரிசை உண்டு. தமிழ் முஸ்லிம் தந்தையர்க்கும் மலாய்த் தாய்மாருக்கும் பிறந்த வழியினர் பலர் அதில் அடங்குவர். 1891-இல் இனங்களைப் பெரிய தலைப்புகளுக்குள் தொகுத்தபோது, 'தமிழரும் பிற இந்தியரும்' என்ற பொருளில் ஒரு தலைப்பு வந்தது. ஜாவி பெக்கான்கள் அதற்குள் வரவில்லை, மலாய்க்காரர் தலைப்புக்குள் போனார்கள். தலைப்புகளை மட்டும் எடுத்து அடுக்கினால் அவர்கள் உன் அட்டவணையில் மறைந்துபோவார்கள். ஆர்பைண்ட் எந்தக் குறையும் சொல்லாது.

பினாங்கு என்ற சொல்லும் அப்படித்தான். லூமுட்டும் பங்கோரும் சேர்ந்த டிண்டிங்ஸ் பகுதி ஒருகாலத்தில் பினாங்கோடு சேர்த்து ஆளப்பட்டது; 1935-இல் பேராக்கிடம் திரும்பியது. அதற்கு முந்தைய மொத்தத்தில் டிண்டிங்ஸும் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் கழித்த பிறகே 1947 கணக்கை அதன்கீழ் வை.

அடுக்கும் முன் ஒவ்வொரு அட்டவணையிலும் மூன்று நிரல்களைச் சேர்த்துவிடு: எந்த ஆண்டின் ஏடு, அந்த ஏட்டில் அச்சாகியிருக்கும் இனப்பெயர் அப்படியே, பக்கத்தில் நீ தரும் வகை. அச்சான பெயரின்மேல் உன் வகையை எழுதிவிடாதே. நாளை வேறொருவர் வேறு விதமாகத் தொகுக்க வேண்டுமென்றால், அவருக்கு அந்தப் பெயர்தான் வேண்டியிருக்கும்.