காலில் விழும் அழுத்தம்: ஒரு ஸ்பானியக் கூட்டுச்சொல்

ஸ்பானிய மொழியைக் கற்கத் தொடங்குவோர் பலர், உயிரெழுத்தின் மீது இடப்படும் சிறு சாய்கோட்டை வெறும் அலங்காரமெனக் கருதி விட்டுவிடுகின்றனர். அது அலங்காரமன்று. ‘அப்லோ’ என்னும் சொல்லின் முதலசையை அழுத்தினால் ‘நான் பேசுகிறேன்’ என்று பொருள். இறுதியசையை அழுத்தினால் ‘அவர் பேசினார்’ என்றாகிவிடும். எழுத்தில் இவ்விரண்டையும் வேறுபடுத்துவது அந்தக் கோடு மாத்திரமே.

இக்கோடு எப்போது தேவைப்படுகின்றது என்பதை அறிய, பூரானைக் குறிக்கும் ‘ஸ்யெம்ப்யெஸ்’ என்ற கூட்டுச்சொல்லை நோக்கலாம். ‘ஸ்யென்’ என்றால் நூறு. ‘ப்யெஸ்’ என்றால் கால்கள். இரண்டும் இணையும்போது முதற்சொல்லின் ஈற்று னகரம் பகரத்தின் முன் மகரமாகின்றது. ‘மரம்’ என்பது ‘கள்’ விகுதியேற்று ‘மரங்கள்’ ஆவதை அறிந்த எமக்கு இது புதுமையன்று. நூறு கால்கள் என்று கூறி, அக்கால்களையுடைய பிராணியைக் குறிப்பதால் எமது இலக்கணப்படி இதனை அன்மொழித்தொகை எனலாம். (பூரானின் காற்சோடிகள் பொதுவாக ஒற்றைப்படையிலேயே அமைவதால், சரியாக நூறு கால்களுள்ள பூரானைக் காண்பது அரிது என்பது வேறு விடயம்.)

அசை பிரிப்பதிலேயே பலர் தடுமாறுகின்றனர். இகரமும் எகரமும் அருகருகே இருமுறை எழுதப்படுவதைக் கண்டு நான்கு அசைகள் என எண்ணுகின்றனர். ஆனால் இகரம் எகரத்துடன் இணைந்தே ஒலிப்பதால் ஸ்யெம்–ப்யெஸ் என இரண்டே அசைகள்.

உயிரிலோ, னகரத்திலோ, ஸகரத்திலோ முடியும் சொற்களில் ஈற்றுக்கு முந்திய அசையே அழுத்தம் பெறும் என்பது பொதுவிதி. அதன்படி அழுத்தம் ‘நூறு’ மீது விழவேண்டும். மக்களோ ‘கால்கள்’ மீதே அழுத்துகின்றனர். விதியை மீறிய அவ்வழுத்தத்தைக் காட்டவே ஈற்றசையின் எகரத்தில் கோடு இடப்படுகின்றது. தனித்து நிற்கும் ‘ப்யெஸ்’ ஓரசைச் சொல். அழுத்தம் வேறெங்கும் செல்ல இடமில்லாமையால் அதற்குக் கோடில்லை. ஆகவே, உறுப்புச் சொற்கள் தனியே எவ்வாறு எழுதப்பட்டன என்பது இங்கு பொருட்டன்று. இணைந்து உருவான புதிய சொல்லுக்கே விதி பொருந்துகின்றது.

குடையைக் குறிக்கும் ‘பராக்வாஸ்’ இதற்கு நல்ல எதிரிணை. தடுத்தலைக் குறிக்கும் ‘பாரா’வும் நீரைக் குறிக்கும் ‘ஆக்வாஸ்’உம் சேர்கையில் இரு அகரங்கள் ஒன்றாகிவிடுகின்றன. ப–ரா–க்வாஸ் என்ற மூன்று அசைகளில் நடுவசையே அழுத்தம் பெறுகின்றது. விதி மீறப்படாததால் கோடும் இல்லை.

பெரிய எழுத்துகளில் எழுதும்போது கோட்டைத் தவிர்க்கலாம் என்ற நம்பிக்கை ஸ்பானிய மொழி பேசுவோரிடையேயும் உண்டு. ஸ்பானிய அரச கழகத்தின் எழுத்து விதிகள் அதனை ஏற்பதில்லை.