ஒரு பிளேட் கூடப் போட்டால் போதுமா?

பெரும்போக அறுவடை ஆரம்பித்து, சம்மாந்துறை, இறக்காமம், நிந்தவூர் வயற்கண்டங்களிலிருந்து நெல் வீதிக்கு ஏறத் தொடங்கும் நாட்களில், கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று நோக்கிச் செல்லும் பிரதான வீதியோரம் ஏதாவதொரு கராஜின் முன் அரைமணி நேரம் நின்று பார்ப்பவர் எவரும், நான் ஆண்டுதோறும் மனவருத்தத்தோடு பார்க்கும் காட்சியைத் தாமும் காண்பார். சென்ற போகத்தில் நான் கண்டது இது. உழவு இயந்திரத்தின் பெட்டி கழற்றி விடப்பட்டு, முன்தண்டு ஒரு மரக்குற்றியின் மேல் தாங்கி நிற்கிறது, அதன் சொந்தக்காரரான இளைஞர் கராஜ்காரரிடம், "காக்கா, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பிளேட் கூடப் போட்டுத் தாங்க. போன முறை பெட்டி குந்திக்கிட்டே வந்தது" என்கிறார். "போடலாம் தம்பி, டயர் தாங்குமா?" என்று அந்த மனிதர் நியாயமாகவே கேட்கிறார். "டக் அடிச்ச டயர் ரெண்டு வீட்டில கிடக்கு, அதைப் பூட்டுவம்" என்பதோடு சம்பாஷணை முடிந்துவிடுகிறது. அந்தப் பெட்டி எத்தனை கிலோகிராம் சுமக்கலாம் என்ற கேள்வி இருவர் வாயிலும் பிறக்கவில்லை.

வில் என்பது பாரத்தைச் சுமக்கும் கடைசி உறுப்பு அன்று. அது பாரத்தை வாங்கி அச்சுக்கும், அச்சு சில்லுக்கும், சில்லு டயருக்கும் கையளிக்கிறது. ஆகையால் வில்லில் ஒரு பிளேட்டைச் சேர்ப்பதனால் அச்சும் ரிம்மும் டயரும் பிரேக்கும் ஒரு சிறிதேனும் பலம் பெறுவதில்லை. நிகழ்வதெல்லாம் வேறு. பெட்டி சில அங்குலம் உயர்கிறது. அதனோடு பாரத்தின் மையமும் உயர்ந்து, வளைவில் சாயும் அபாயம் அதிகரிக்கிறது. முன்னர் வில் உள்வாங்கிய குலுக்கலை இனி டயரும் அச்சும் வாங்குகின்றன. எல்லாவற்றிலும் விபரீதமானது, பாரம் மிஞ்சிவிட்டது என்பதை நம் கண்ணுக்குக் காட்டிக்கொண்டிருந்த ஒரே அடையாளம், அந்தக் குந்தல், மறைந்துபோகிறது. உடைந்த பிளேட்டை மாற்றுவதும், தேய்ந்த புஷ்ஷையும் பின்னையும் புதுப்பிப்பதும், யூ போல்ட்டை முதல் ஓட்டத்தின் பின் மறுபடி முறுக்குவதும், இரு பக்கமும் ஒரே எண்ணிக்கை, ஒரே தடிப்பு என்று ஒழுங்கு செய்வதும் அவசியமான திருத்தங்கள். பாரம் கூட்டுவதற்காகப் பிளேட் சேர்ப்பது திருத்தமே அன்று.

டயரைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். ஏனெனில் விலை கேட்டு டயர் வாங்குகிறவர்களைக் கண்டிருக்கிறேன், பூவைத் தடவிப் பார்த்து வாங்குகிறவர்களைக் கண்டிருக்கிறேன், பக்கச் சுவரில் அச்சிட்டிருப்பதை வாசித்து வாங்குகிறவரைக் காண்பது அரிது. 7.50ஆர்16 அளவுள்ள ஒரு டயரில் 122/118 என்று பதித்திருந்தால், அச்சின் ஒரு பக்கத்தில் தனியே பூட்டும்போது அது 1500 கிலோகிராமும், இரட்டையாகப் பூட்டும்போது ஒவ்வொன்றும் 1320 கிலோகிராமும் தாங்கும் என்பது அதன் பொருள். இனிக் கணக்கைப் பாருங்கள். ஓர் அச்சும் இரண்டு சில்லும் உள்ள பெட்டிக்கு இத்தகைய டயர் இரண்டு பூட்டினால் மொத்தம் 3000 கிலோகிராம். பெட்டியின் சொந்த நிறை ஒரு தொன் என்று வைத்துக்கொண்டால், எஞ்சுவது இரண்டு தொன். ஒரு மூடை நெல் 65 கிலோகிராம் என்றால் சுமார் முப்பது மூடை. முன்தண்டு வழியாக உழவு இயந்திரத்தின் மேல் இறங்கும் பாரத்துக்கும், மெதுவாக ஓடும் வாகனங்களுக்குத் தயாரிப்பாளரின் அட்டவணை கொடுக்கும் சலுகைக்குமாகச் சில மூடைகள் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் நம் வீதியில் அறுபது மூடை அடுக்கிய பெட்டிகள் ஓடுகின்றன. அறுபது மூடைக்குச் சலுகை தரும் அட்டவணை எந்தத் தயாரிப்பாளரிடமும் இல்லை.

அதே சுவரில் நான்கு இலக்கம் கொண்ட ஒரு சிறு நீள்வட்டமும் உண்டு. 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் அந்த டயர் உற்பத்தியானது. கடைக்காரர் "புது டயர்" என்று சொல்வது பாவிக்காத டயர் என்ற பொருளில். அது எத்தனை ஆண்டு சேமிப்பறையில் கிடந்தது என்பதை அந்த நான்கு இலக்கமே சொல்லும். கடற்காற்றும் வெயிலும் படும் முற்றத்திலே ஒரு போகம் முழுவதும் அசையாமல் நிற்கும் பெட்டியின் டயரில், பூ குறையாமலே சுவர் வெடித்திருப்பதைக் காணலாம். விரலால் அழுத்தி விரித்துப் பாருங்கள், வெடிப்புக்குள்ளே நூல் தெரிந்தால் அந்த டயர் முடிந்தது. பூவின் பள்ளங்களுக்கு நடுவே குறுக்காக நிற்கும் சிறு மேடுகள் 1.6 மில்லிமீற்றர் உயரமுடையவை. பூ தேய்ந்து அவற்றின் மட்டத்துக்கு வந்துவிட்டால் மழைக்கால வீதிக்கு அந்த டயர் உதவாது. டக் அடித்த டயரை முற்றாக விலக்க வேண்டுமென்று நான் சொல்லமாட்டேன். உட்கட்டு நல்லதாயிருந்து, வேலை தெரிந்தவர் செய்திருந்தால் பெட்டிக்கு அது பயன்படும். வாகனத்தைத் திருப்பும் முன்சில்லுகளுக்கு அதைப் பூட்டாதீர்கள். ஓர் அச்சில் ஒரு பக்கம் ரேடியலும் மறுபக்கம் நைலோனுமாகப் பூட்டாதீர்கள். காற்றை டயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில், அளவுமானி வைத்து அளந்து அடியுங்கள். காற்றுக் குறைந்த டயர் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கிறதே தவிர, நாம் சொல்லிக்கொள்வதுபோல் திடீரென்று காரணமின்றி வெடிப்பதில்லை.

மூடையை எங்கே அடுக்குகிறோம் என்பதும் எத்தனை அடுக்குகிறோம் என்பதற்குச் சமமான விஷயம். பெட்டியின் மொத்த நிறையில் ஏறத்தாழ பத்திலொரு பங்காவது முன்தண்டின் மேல் இறங்க வேண்டும். இறக்குவதற்கு வசதியென்று பாரத்தைப் பின்கதவோரம் அடுக்கினால் முன்தண்டு மேலே எழும்பி, இழுக்கும் வாகனத்தின் பின்சில்லு தரையைப் பிடிக்கும் வலு குறைந்து, பெட்டி வால் ஆட்டத் தொடங்கும். இந்த விதி டபள் கெப்பின் பின்னே சிறு பெட்டி பூட்டி இழுக்கிறவருக்கு இன்னும் கடுமையாகப் பொருந்தும். ஏனெனில் அவர் வேகமாகப் போகிறார். ஆட்டம் தொடங்கினால் காலை அக்சிலேட்டரிலிருந்து எடுங்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். பிரேக்கைத் திடீரென மிதிக்காதீர்கள். சந்தேகமிருந்தால் நெல் ஆலையிலுள்ள வாகனத் தராசில் முழுவதையும் ஒரு முறையும், பெட்டியின் சில்லுகளை மட்டும் ஒரு முறையும் ஏற்றி நிறுத்துப் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும். இன்னொன்று: உழவு இயந்திரத்தில் இடது சில்லுக்கொன்றும் வலது சில்லுக்கொன்றுமாக இரண்டு பிரேக் மிதிகள் உள்ளன, வயலில் திரும்புவதற்காக அவை பிரிந்திருக்கும், வீதிக்கு ஏறுமுன் இரண்டையும் பூட்டி ஒன்றாக்க வேண்டும். அந்தச் சிறு பூட்டு துருப்பிடித்து இறுகிக் கிடக்கும் இயந்திரங்களை எத்தனையோ பார்த்துவிட்டேன். பிரேக் இல்லாத பெட்டி பின்னாலிருந்து தள்ள, ஒரு பக்கச் சில்லு மட்டும் நின்றால், இயந்திரம் வீதிக்குக் குறுக்கே மடங்கிவிடும். கொழுவும் பின்னுக்குக் கிளிப்பும், அது கழன்றாலும் பிடித்துக்கொள்ள ஒரு சங்கிலியும், பின்பக்கத்தில் எரியும் விளக்கும் சிவப்புப் பிரதிபலிப்பானும் இல்லாமல் மஃரிபுக்குப் பிறகு பெட்டியை வீதிக்கு எடுக்காதீர்கள்.

இனிப் பத்திரங்கள். இந்த இடத்தில் தயவுசெய்து வேகமாக வாசித்துக் கடந்து போகாதீர்கள். ஏனென்றால் இயந்திரத்தில் விட்ட பிழையை விட இங்கே விட்ட பிழைதான் குடும்பங்களை அதிக காலம் அலைக்கழிக்கிறது. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் பெட்டியும் தனியே பதியப்படும் ஒரு வாகனம். இயந்திரத்தின் புத்தகம் கையிலிருக்கிறது என்பதனால் பெட்டிக்கும் பத்திரம் இருக்கிறதென்று ஆகாது; இரண்டின் இலக்கத்தையும் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். பிரதேச செயலகத்துக்கு வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் போகும்போது இரண்டையும் பற்றிக் கேளுங்கள். காப்புறுதிக் கம்பெனியிடமும் இரண்டையும் எழுத்தில் குறிப்பிடுங்கள். சாரதி அனுமதிப்பத்திரத்தில் கைஉழவு இயந்திரத்துக்கு ஜி1, நான்கு சில்லு உழவு இயந்திரத்துக்கு ஜி, பாரமான பெட்டியை இழுக்கும் கனரக லொறிக்கு சிஇ என்று வகுப்புகள் வேறு வேறாக இருக்கின்றன. மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரத்தோடு பதினெட்டு வயதுத் தம்பியை இயந்திரத்தின் மேல் ஏற்றிவிடுகிற வாப்பாமார் இதை அறிய வேண்டும்.

வாகனம் வாங்குவோர் 'ஓப்பன் பேப்பர்' என்று சொல்லிக்கொண்டு, பெயர் மாற்றாமலே கைமாறி ஓட்டுவது நம் பகுதியில் வெகு சாதாரணமாகிவிட்டது. வாகன இறக்குமதி 2020 இல் நின்று 2025 பெப்ரவரியில் தான் தளர்ந்தமையால், இடைப்பட்ட காலத்தில் பழைய லொறிகளும் பெட்டிகளும் நான்கைந்து கை மாறிவிட்டன. விபத்து நேர்ந்தால் புத்தகத்தில் பெயருள்ளவர் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டுவார்கள். ஓட்டியவரோ தமக்கு உரித்தில்லாத வாகனத்துக்குக் காப்புறுதி கேட்டு நிற்பார். கைமாறிய 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்து, எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 ஆகிய படிவங்களை நிரப்பிக் கொடுத்து, பெயரை மாற்றிவிடுங்கள். விற்றவரும் அறிவிக்க வேண்டும், வாங்கியவரும் அறிவிக்க வேண்டும். அப்படியே, பாரம் கூட்டுவதற்கு அச்சையோ உடலமைப்பையோ மாற்ற நினைப்பவர், வெல்டிங் செய்த பிறகு அல்ல, செய்யுமுன் திணைக்களத்தின் அனுமதியைக் கேட்க வேண்டும். காப்புறுதிக் கம்பெனிக்கும் அறிவிக்க வேண்டும். கராஜ்காரரின் வாய்ச்சொல் அனுமதிப்பத்திரம் ஆகாது.

டயர் வாங்கும்போது பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுக்க வேண்டிய கடமை வியாபாரிக்கு உண்டு. அதில் டயரின் அளவையும், அந்த நான்கு இலக்கத்தையும், புதியதா டக் அடித்ததா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். உத்தரவாதத்துக்கு மாறான பொருள் என்று கண்டால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு வாங்கிய மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம். 1977 என்ற இலக்கத்தில் விசாரிக்கலாம். பற்றுச்சீட்டு இல்லாமல் போனால் உங்கள் நியாயத்துக்கு அத்தாட்சி இல்லாமல் போகும். எத்தனையோ பேர் நான்காம் மாதத்தில் வந்து நிற்கிறார்கள்.

விபத்து நேர்ந்துவிட்டால், காயப்பட்டவருக்காக 1990 அம்புலன்ஸ், அடுத்து 119, அதன் பின் காப்புறுதிக் கம்பெனி. உயிரைக் காக்கும் தேவை இருந்தாலன்றி வாகனத்தை அசைக்க வேண்டாம். வெடித்த டயரைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். அதன் சுவரிலுள்ள எழுத்துக்களைப் படம் பிடித்து, டயரையும் வழக்கு முடியும்வரை வைத்திருங்கள், ஏனெனில் மோட்டார் வாகனப் பரிசோதகரின் அறிக்கையைக் கேள்வி கேட்க வேண்டி வந்தால் உங்கள் கையில் இருக்கப்போவது அது ஒன்றே. பொலிஸ் நிலையத்தில் உங்கள் வாக்குமூலத்தைத் தமிழிலே எழுதக் கேளுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிருவாக மொழி என்று அரசியலமைப்பின் 16 ஆம் திருத்தம் 1988 இல் எழுதி வைத்து இத்தனை ஆண்டுகள் கழிந்தும், வாசிக்கத் தெரியாத சிங்கள எழுத்தின் கீழ் நம் மனிதர்கள் கையொப்பமிட்டுவிட்டு வருவதையும், அதை அங்கே ஒருவரும் ஒரு குறையாகக் கருதாதிருப்பதையும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வாசிக்க முடியாத தாளில் கையொப்பமிடாதீர்கள். முறைப்பாட்டின் பிரதியையும் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி நட்டஈட்டை மறுத்தால் மறுப்பைக் கடிதமாகக் கேளுங்கள். அதைக் கொண்டு காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். நட்டஈட்டு வழக்கை விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். மோதிய வாகனம் ஓடி மறைந்துவிட்டால் வீதிப் பாதுகாப்பு தேசிய சபையிடம் விண்ணப்பிக்கலாம்.

கடைசியாக, பெட்டியில் மனிதரை ஏற்றுவது பற்றி. 2024 நவம்பர் 26 ஆம் திகதி, நிந்தவூரிலுள்ள மதரஸாவிலிருந்து சம்மாந்துறையிலுள்ள வீடுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகளை ஏற்றிய உழவு இயந்திரம், காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையே வீதியைக் கடந்து பாய்ந்த வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. பிள்ளைகளின் ஜனாஸாக்களை நாட்கணக்கில் தேடி எடுத்தோம். உயரமான சில்லு வெள்ளத்தைத் தாண்டும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. மூன்று மீற்றர் நீளமும் 1.8 மீற்றர் அகலமும் உள்ள பெட்டியின் தளத்துக்கு மேலே நீர் 10 சென்றிமீற்றர் ஏறினால், அது உள்ளே புகுமுன், பெட்டியை 540 கிலோகிராம் விசையோடு மேலே தூக்குகிறது. மூடை அடுக்கிய பெட்டியை விடப் பத்துப் பிள்ளைகள் மட்டும் அமர்ந்த பெட்டி வெகு விரைவில் மிதக்கும். மிதக்கத் தொடங்கியதைப் பக்கவாட்டில் ஓடும் நீர் இழுத்துச் செல்லும். அதை எந்த டயரும் எந்த வில்லும் தடுக்காது. நீர் வீதியைக் கடந்து பாய்கிற நாளில் பிள்ளைகளைப் பெட்டியில் ஏற்றாதீர்கள். ஏற்றாதீர்கள். அவர்களை இருக்கும் இடத்திலேயே வைத்துக்கொண்டு, உணவுக்கு ஏற்பாடு செய்து, பெற்றோருக்குச் சொல்லிவிட்டு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஐ அழைத்து, வீதியில் நீர் வடியும்வரை காத்திருங்கள். இரண்டு நாளானாலும் சரி.