மாயாவியின் கையை வரையத் தயாரா?

குட்டீஸ்! முதலில் ஒரு விடுகதை.

அவர் ஒரு ஹீரோ. எதிரியின் அறைக்குள் நுழைவார். ஆனால் யார் கண்ணுக்கும் தெரியமாட்டார். ஒரே ஒரு கை மட்டும் காற்றில் மிதந்து வரும். கதவைத் திறக்கும். துப்பாக்கியைத் தட்டி விடும். யார் அவர்?

தெரியவில்லையா? அப்பாவிடமோ தாத்தாவிடமோ கேட்டுப் பாருங்கள். "அட, நம்ம இரும்புக்கை மாயாவி!" என்று முகம் மலரச் சொல்வார்கள்.

1972-ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது, முதல் இதழிலேயே வந்து இறங்கியவர் இந்த மாயாவி. விபத்தில் வலது கையை இழந்து, இரும்புக் கை பொருத்திக்கொண்டவர். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் தெரியும். (இது கதையில் மட்டும்தான் நடக்கும். நிஜத்தில் மின்சாரத்தைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. பிளக் பாயிண்ட் பக்கம் போகவே கூடாது!)

சூப்பர் ஹீரோக்களை வரைய உங்களுக்கும் ஆசைதானே? ஆனால் பாதிப் படத்திலேயே "எனக்கு வராதுப்பா" என்று தாளைக் கிழித்துப் போட்டிருப்பீர்கள். இனி கிழிக்க வேண்டாம். 30 நாள் சவால் ஒன்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு ஒரு படம். பழைய நோட்டில் மிச்சமிருக்கும் பக்கங்களும் ஒரு பென்சிலும் போதும். ரப்பரை அலமாரியில் வைத்துவிடுங்கள்!

முதல் வாரம்: வெறும் கை

மாயாவியிடமிருந்தே தொடங்குவோம். மாடல் யார் தெரியுமா? உங்கள் இன்னொரு கைதான்! அதை மேஜை மேல் விரித்து வையுங்கள்.

உள்ளங்கைக்கு ஒரு சதுரப் பெட்டி போடுங்கள். நடுவிரல் ஏறக்குறைய அந்தப் பெட்டியின் உயரமே இருக்கும். விரல் நுனிகள் ஒரே நேர்கோட்டில் நிற்காது, வில் போல வளையும். நான்கு விரல்களுக்கும் மும்மூன்று துண்டு, கட்டைவிரலுக்கு இரண்டு. துண்டுகள் சேரும் இடத்தில் சிறு வளையம் போடுங்கள். ஆஹா, இரும்புக் கை ரெடி!

கையைச் சின்னதாக வரைவதுதான் நிறையப் பேர் செய்யும் தவறு. மணிக்கட்டை முகவாயில் வைத்து முகத்தை மூடிப் பாருங்கள். நடுவிரல் நெற்றியைத் தொடுகிறதா? கை அவ்வளவு பெரியது!

இரண்டாம் வாரம்: நிற்கும் நிலை

இதற்கு நாமக்கல்லுக்குப் போவோம். அங்கே மலைக்கோட்டை அடிவாரத்தில், சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் பாறையைக் குடைந்து செய்த நரசிம்மர் கோயில் இருக்கிறது. உள்ளே உலகளந்த பெருமாள் சிற்பம். ஒரு கால் தரையில், இன்னொரு கால் வானை நோக்கி! ஊன்றிய காலிலிருந்து தூக்கிய கால்வரை மனசுக்குள் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அந்தச் சாய்ந்த கோட்டில்தான் வேகம் இருக்கிறது.

வெளியே வந்தால் 18 அடி உயர ஆஞ்சநேயர், கைகூப்பி அசையாமல் நிற்கிறார். இங்கே கோடு செங்குத்து. ஆனாலும் பலம் தெரிகிறதே! நேர்கோடு உறுதியைக் காட்டும், சாய்ந்த கோடு வேகத்தைக் காட்டும். ஆகவே ஹீரோவை வரையும்முன் ஒரே ஒரு கோடு போடுங்கள். அதன்மேல் குச்சி மனிதன். உடம்பெல்லாம் பிறகுதான்.

மூன்றாம் வாரம்: பெரிய ஹீரோக்கள்

சாதாரணப் பெரியவரின் உயரம் ஏழரைத் தலை அளவு. சூப்பர் ஹீரோவுக்கு எட்டுத் தலை அல்லது அதற்கும் மேல். அதனால்தான் அவர் கம்பீரமாகத் தெரிகிறார். பத்து வயதுப் பிள்ளைக்கு ஆறு தலை அளவு போதும்.

1936-ல் வந்த பேண்டமை வரைந்து பாருங்கள். முகமூடிக்குள் கண்மணியே தெரியாது. 1962-ல் வந்த ஸ்பைடர்மேனுக்கோ முகம் முழுக்க மூடியிருக்கும். அவருடைய பயத்தையும் சந்தோஷத்தையும் எப்படிக் காட்டுவது? மடங்கிய முழங்காலும் விரிந்த விரல்களும்தான் பேச வேண்டும். முதல் வாரப் பயிற்சி இங்கே கைகொடுக்கும்.

மேலே தாள் வைத்து டிரேஸ் எடுக்காதீர்கள். பார்த்து வரைந்தால்தான் கண்ணும் கையும் பழகும்.

நான்காம் வாரம்: உங்கள் ஹீரோ

22-ம் நாள் முதல் நம்ம ஊர் ஹீரோ! சேலத்துத் தறி நூலைக் கயிறாக வீசும் வீராங்கனையா? பிரேக் பிடிக்காத லாரியை ஒற்றைக் கையால் நிறுத்தும் நாமக்கல் தாத்தாவா? நீங்களே முடிவு செய்யுங்கள். சக்தி மட்டும் கொடுத்தால் போதாது, ஒரு கஷ்டமும் கொடுங்கள். மாயாவி கையை இழந்திராவிட்டால் கதையே இல்லையே!

கடைசி விதி: கையெழுத்து

ஒவ்வொரு படத்தின் கீழும் உங்கள் பெயரும் தேதியும் எழுதுங்கள். ஏன் தெரியுமா?

சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரப் பள்ளி நண்பர்கள். ஷூஸ்டரின் வீட்டில் நல்ல தாள் வாங்கக் காசு இருக்காது. சுவரில் ஒட்டும் காகிதத்தின் பின்பக்கத்தில்கூட வரைந்தார். 1938-ல் சூப்பர்மேன் உரிமையை இருவரும் வெறும் 130 டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள். சூப்பர்மேன் உலகமெல்லாம் பறந்தார். ஆனால் பல ஆண்டுகள் அந்தக் கதைகளில் இவர்கள் பெயரே அச்சாகவில்லை. போராடிய பிறகு, 1975-ல்தான் பெயரும் உதவித்தொகையும் கிடைத்தன.

நம் மாயாவியை முதலில் வரைந்தவர் யார்? ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. 1962-ல் பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் அந்தத் தொடர் வந்தது. அந்தக் காலத்தில் அங்கே காமிக்ஸ் இதழ்களில் பொதுவாக ஓவியர் பெயரைப் போடமாட்டார்கள். மாயாவியின் கை எல்லாருக்கும் தெரிந்தது. அதை வரைந்த கை யாருக்கும் தெரியவில்லை. அவர்தான் நிஜமான மாயாவி, இல்லையா?

30-ம் நாள் மறுபடியும் உங்கள் கையையே வரையுங்கள். முதல் நாள் படத்தையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "எனக்கு வராது" என்று சொன்ன குட்டி எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்!

என்ன குட்டீஸ், பென்சிலைச் சீவியாச்சா?