நெருப்புக்குப் பின்னால் ஒரு இரும்புத் தகடு



இந்த முறை நான் எழுத எடுத்துக்கொண்டது ஒரு இரும்புத் தகட்டைப் பற்றி. "இரும்புத் தகட்டைப் பற்றி எழுத என்ன இருக்கு?" என்று கேட்பீர்கள். அதில் பூ இருக்கு, பைபிள் கதை இருக்கு, ராஜாவின் கிரீடம் இருக்கு. அதைச் செய்தவர்களின் கதையும் இருக்கு. ஆனால் அது மட்டும் கண்ணுக்குத் தெரியாது. கடைசி வரைக்கும் படிங்க.

கணப்பு என்றால் என்ன?

அமெரிக்கா 1776-ல் சுதந்திரம் அறிவித்தது. அதற்கு முன் அதன் கிழக்குக் கரையில் 13 ஆங்கிலேயக் குடியேற்றங்கள் இருந்தன. வடக்குப் பக்கம் குளிர்காலத்தில் பனி கொட்டும். அதனால் வீட்டுச் சுவரிலேயே பெரிய மாடம் மாதிரி கட்டி, அதில் விறகு போட்டு எரிப்பார்கள். புகை மேலே போக புகைக்கூண்டு இருக்கும். இதுதான் கணப்பு. நம்ம மாநிலத்திலும் ஊட்டி, கொடைக்கானலில் வெள்ளைக்காரர்கள் கட்டிய பழைய பங்களாக்களில் கணப்பு உண்டு.

கணப்பின் தரையில் இரண்டு இரும்புக் கால்கள் இருக்கும். அதன் மேல் விறகை அடுக்கினால் அடியில் காற்று புகுந்து நன்றாக எரியும். நெருப்புக்குப் பின்னால், சுவரில் சாய்த்து ஒரு கனமான வார்ப்பிரும்புத் தகடு நிற்கும். நான் சொல்ல வந்தது இந்தத் தகட்டைத்தான்.

தகடு எதற்கு?

பார்க்க அழகாக இருப்பதால் வெறும் அலங்காரம் என்று நினைக்கக் கூடாது. அதற்கு இரண்டு வேலை.

1. தினமும் நெருப்புப் பட்டால் பின்சுவர் செங்கல் வெடித்துப் போகும். தகடு அதைத் தடுக்கும்.

2. தகடு சூடேறி, அந்தச் சூட்டை அறைக்குள் திருப்பி அனுப்பும். அறிவியல் பாடத்தில் படித்த வெப்பக் கதிர்வீச்சு இதுதான். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுது இல்லையா? அதே மாதிரி நெருப்பு அடங்கிய பிறகும் தகடு கொஞ்ச நேரம் சூடு கொடுக்கும்.

படம் எப்படி வந்தது?

முதலில் மரப்பலகையில் படத்தைச் செதுக்குவார்கள். அதை ஈரமணலில் அழுத்தி எடுத்தால் பள்ளம் விழும். உருகிய இரும்பை அந்தப் பள்ளத்தில் ஓடவிட்டு ஆறவிட்டால் தகடு தயார். வார்ப்பிரும்பு உருக சுமார் 1,150 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். ஒரே பலகையை வைத்து எத்தனையோ தகடு செய்யலாம். பழைய காலத்து இங்கிலாந்தில் கயிற்றையே மணலில் அழுத்தி, முறுக்கு மாதிரி ஓரம் வரவைத்தார்கள். எழுத்து போட வேண்டும் என்றால் பலகையில் எப்படி இருக்கிறதோ அப்படியேதான் இரும்பிலும் வரும். ஆனால் நடுவில் மணலில் அது தலைகீழாக, கண்ணாடியில் பார்ப்பது மாதிரி தெரியும். இதில் குழம்பி எழுத்தைத் திருப்பிச் செதுக்கிவிட்டால் தகட்டிலும் அப்படியே நின்றுவிடும். அப்படிப்பட்ட தகடுகளும் இருக்கு!

பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்கள் இதே முறையில் தகடு வார்த்து, அதைச் சேர்த்துப் பெட்டி மாதிரி அடுப்பு செய்தார்கள். அந்தத் தகடுகளில் பைபிள் காட்சிகள் இருக்கும். ஹென்றி மெர்சர் என்பவர் அவற்றைச் சேகரித்து 1914-ல் "இரும்பில் பைபிள்" என்று பொருள்படும் பெயரில் ஒரு புத்தகமே எழுதினார்.

செய்தவர்கள் யார்?

மாசசூசெட்ஸில் சாகஸ் என்ற இடத்தில் 1646-ல் இரும்பு உலை தொடங்கியது. 1650-ல் டன்பார் போரில் பிடிபட்ட ஸ்காட்லாந்துக் கைதிகளைக் கப்பலேற்றி அங்கே கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். மேரிலாந்து, வர்ஜீனியா உலைகளில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அடிமைகள் வேலை செய்தார்கள். மரம் வெட்டணும், மூட்டம் போட்டுக் கரி எடுக்கணும், ராத்திரி பகல் உலையைப் பார்க்கணும். ஒரு பெரிய உலைக்கு நாளைக்குச் சுமார் ஒரு ஏக்கர் காட்டு மரம் கரியாகப் போனது.

இவர்கள் பேரு தகட்டில் இருக்கா? இல்லை. ராஜாவின் சின்னம் இருக்கும், இல்லையென்றால் முதலாளி பேரு இருக்கும். ஸ்டீகல் என்ற முதலாளி தன் பெயரையும், தன் மனைவி பெயர் வைத்த எலிசபெத் உலையின் பெயரையும் தகட்டில் போட்டார்.

ஆனால் ஒருத்தர் மட்டும் வித்தியாசம். இங்கிலாந்தில் பிரீடு என்ற ஊரில் ரிச்சர்ட் லெனார்ட் என்ற வார்ப்புத் தொழிலாளி, 1636-ல் செய்த தகட்டில் தன் உருவத்தையே வார்த்துவிட்டார்! பக்கத்தில் அவருடைய கருவிகள், உலை, ஒரு நாய் கூட இருக்கு. ராஜா இருக்க வேண்டிய இடத்தில் உழைத்தவர் நிற்கிறார். எனக்கு எல்லாத் தகட்டிலும் இதுதான் ரொம்பப் பிடித்தது.

பிராங்க்ளின் செய்த நல்ல காரியம்

தகடு வைத்தும் பெரும்பாலான சூடு புகைக்கூண்டு வழியாகவே போனது. விறகும் வீணானது. இதைப் பார்த்த பெஞ்சமின் பிராங்க்ளின் 1742 வாக்கில் இரும்புத் தகடுகளால் ஆன புதுக் கணப்பைச் செய்தார். அதிலும் சூரியனின் முகம் அலங்காரமாக இருந்தது. முதலில் புகை சரியாகப் போகவில்லை, பிறகு மற்றவர்கள் திருத்தினார்கள். பென்சில்வேனியா கவர்னர், விற்கிற தனி உரிமையைத் தருகிறேன் என்றார். பிராங்க்ளின் வேண்டாம் என்றுவிட்டார். மற்றவர்கள் கண்டுபிடித்ததை நாம் அனுபவிக்கிறோம், நம்முடையதையும் இலவசமாகத் தரணும் என்பது அவர் எண்ணம்.

தோழிகளே, தோழர்களே! ஒரு பொருள் அழகாக இருந்தால் "எவ்வளவு விலை?" என்று கேட்கிறோம். "யார் செய்தது?" என்றும் கேட்போம். நம்ம வீட்டு அம்மி, அரிவாள், மண்பானை எதிலும் செய்தவர் பேரு இல்லை. உங்கள் வீட்டுப் பொருள் ஒன்றைச் செய்தவர் பெயரைப் பெரியவர்களிடம் கேட்டு, இந்தத் தாளுக்குக் கீழே காலியாக விட்டிருக்கிற இடத்தில் எழுதுங்கள்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி