கன்றுக்குள்ளே ஒரு தறிக்கூடம்!

தேசூரில் பட்டுத்தறிச் சத்தம் கேட்கிற தெரு. கொட்டிலில் ஒரு ஜெர்சி கலப்பினக் கன்று தாய்மடியை முட்டி முட்டிக் குடிக்கிறது. வாயோரம் நுரை, வாலில் துள்ளல். மடக்கு மடக்காகக் குடிக்கும் அந்தப் பால் எப்படிச் சதையாகிறது? வாங்க, உள்ளே எட்டிப் பார்த்துவிடுவோம்!

முதலில் மூளைக்கு அடியில். இங்கே தொங்குகிறது பிட்யூட்டரி சுரப்பி. எடை சில கிராம்தான், செய்கிற வேலையோ மலையளவு! வளர்ச்சி ஹார்மோன் புறப்படுவது இங்கிருந்துதான். ஒரே சீராக வராது. நாளெல்லாம் விட்டுவிட்டு, அலை அலையாக வரும். மேலே உட்கார்ந்திருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதி ஒரு ஹார்மோனை அனுப்பி ‘விடு’ என்கிறது, சொமாட்டோஸ்டாட்டின் என்ற இன்னொன்றை அனுப்பி ‘நிறுத்து’ என்கிறது.

அடுத்த நிறுத்தம் கல்லீரல். வளர்ச்சி ஹார்மோன் வந்து தட்டியதும் இது ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரக்கிறது. 70 அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சரம். ஆச்சரியம் என்னவென்றால், மாட்டுக்கும் மனிதருக்கும் அந்த 70-இல் ஒன்றுகூட மாறவில்லை! இன்சுலினில்கூட 3 இடங்கள் வேறுபடுகின்றன. ஆனால் கன்றை வளர்க்கும் ஐஜிஎஃப்-1தான் நம் வீட்டுக் குழந்தையையும் வளர்க்கிறது, அச்சு அசலாக.

இனி தசைக்குள் நுழைவோம். அடடா, தறிக்கூடமேதான்! ஒருபுறம் அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் நெய்கிறார்கள். மறுபுறம் பழைய புரதத்தைப் பிரித்துப் போடுகிறார்கள். நெய்ததில் பிரித்தது போக மிச்சம் நிற்பதுதான் வளர்ச்சி. ஐஜிஎஃப்-1ம் இன்சுலினும் நெய்கிற கட்சி. நோயோ பயமோ வந்தால் கூடும் கார்டிசோல், பிரிக்கிற கட்சி. ‘போதும்’ என்று கை காட்ட மயோஸ்டாட்டின் என்ற புரதம் இருக்கிறது. அதன் மரபணு பழுதானதால்தான் பெல்ஜியன் புளூ மாடுகளுக்குச் சதை மலைமலையாகத் திரள்கிறது என்று 1997இல் கண்டுபிடித்தார்கள்.

இப்போது பெரிய திருப்பம்! பட்டினி கிடக்கும் கன்றின் ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் குறையும் என்றுதானே நினைப்போம்? ஏறுகிறது! ஆனால் கல்லீரல் அதன் பேச்சைக் கேட்பதில்லை, ஐஜிஎஃப்-1 சரிகிறது. வளர்ச்சி ஹார்மோன் அப்போது கொழுப்பைக் கரைத்து உயிரைக் காக்கப் போய்விடுகிறது. வளர்வதெல்லாம் அப்புறம்தான். தீனி இல்லாத இடத்தில் எந்த ஹார்மோனும் சதை போடாது.

அதனால்தான் பிறந்த கன்றின் முதல் தீனியான சீம்பால் இவ்வளவு முக்கியம். நோய் எதிர்ப்புப் புரதங்களோடு இன்சுலினும் ஐஜிஎஃப்-1ம் சாதாரணப் பாலைவிடப் பல மடங்கு அதில் இருக்கின்றன. நஞ்சுக்கொடி விழட்டும் என்று சீம்பால் கொடுக்காமல் காத்திருக்கும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் உண்டு. அது வேண்டவே வேண்டாம். எதிர்ப்புப் புரதங்களை அப்படியே உள்ளே விடும் குடலின் வாசல் 24 மணி நேரத்துக்குள் மூடிவிடும். கன்று 25 கிலோ என்றால் முதல் நாளில் இரண்டரை லிட்டர் சீம்பால். முதல் வேளையைப் பிறந்த ஓரிரு மணி நேரத்திலேயே கொடுத்துவிடுங்கள். பிறகு குடற்புழு மருந்தைக் காலாகாலத்தில் கொடுத்து, புரதம் நிறைந்த கன்றுத் தீவனத்தை மெல்லப் பழக்குங்கள். பிட்யூட்டரியும் கல்லீரலும் தயாராகவே இருக்கின்றன. பாவும் ஊடையும் நாம்தான் கொடுக்க வேண்டும்!