இரவெல்லாம் சுற்றிய நண்பர்கள்: ‘ஸ்விங்கர்ஸ்’ உருவான விதம்

‘ஸ்விங்கர்ஸ்’ 1996 அக்டோபரில் அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியான படம். லாஸ் ஏஞ்சலிஸில் வாய்ப்புத் தேடி அலையும் இளைஞர்கள் சிலர் இரவுகளில் மதுக்கூடம் மதுக்கூடமாகச் சுற்றுகிறார்கள். அவர்களில் ஒருவன் காதல் முறிவிலிருந்து மெல்ல மீள்கிறான். கதை இவ்வளவுதான். ஜான் ஃபேவ்ரோ எழுதி, மைக் என்ற நாயகனாக நடித்தார். டக் லைமன் இயக்கினார். படத்தின் செலவு சுமார் 2.5 லட்சம் டாலர். அந்த ஆண்டில் ஹாலிவுட்டின் பெரிய நிறுவனங்கள் ஒரு படத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 4 கோடி டாலர் செலவிட்டுக்கொண்டிருந்தன.

நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் பிறந்த ஃபேவ்ரோ, சிகாகோவில் மேடை நகைச்சுவையில் பயிற்சி பெற்றவர். 1993இல் வெளிவந்த ‘ரூடி’ என்ற அமெரிக்கக் கால்பந்துப் படத்தில் நடித்தபோது சக நடிகர் வின்ஸ் வானின் நட்பு கிடைத்தது. இருவரும் லாஸ் ஏஞ்சலிஸில் வேர்விட முயன்றார்கள். சொல்லிக்கொள்ளும்படி வேலை அமையவில்லை. அந்தச் சூழலில், தந்தை அனுப்பிய திரைக்கதை மென்பொருளை வைத்துக்கொண்டு, தனக்கும் நண்பர்களுக்கும் பழகிப்போன இரவுகளை ஃபேவ்ரோ எழுதத் தொடங்கினார். இரண்டு வாரத்துக்குள் திரைக்கதை முடிந்துவிட்டது. வாய் ஓயாத ட்ரென்ட் பாத்திரம் வின்ஸ் வானுக்கு, பொறுமைசாலியான ராப் பாத்திரம் ரான் லிவிங்ஸ்டனுக்கு என்று பக்கத்திலிருந்த நண்பர்களை மனத்தில் வைத்தே ஆட்களைப் படைத்தார்.

திரைக்கதை சிலருக்குப் பிடித்தது. ஆனால் பணம் போட முன்வந்தவர்கள் கேட்ட மாற்றங்கள் அதன் உயிரையே எடுத்துவிடக்கூடியவை. தெரிந்த முகங்கள் வேண்டும் என்றார்கள். ட்ரென்டைப் பெண்ணாக்கிவிடலாம் என்ற யோசனைகூட வந்தது. ஃபேவ்ரோ மறுத்துவிட்டு, முதலீட்டாளர்களை வரவழைத்து நண்பர்களோடு திரைக்கதையை உரக்க வாசித்துக் காட்டும் கூட்டங்களை நடத்தினார். பணம் அதில் உடனே திரளவில்லை. ஆனால் வசனங்கள் ஒவ்வொருவர் நாக்கிலும் பழகிவிட்டன. ஒருவர் பேச்சில் இன்னொருவர் புகுந்து பேசும் லாவகம் படத்தில் இயல்பாக வருகிறதென்றால், அதற்கான ஒத்திகை இந்தக் கூட்டங்களிலேயே நடந்து முடிந்திருந்தது.

கடைசியில் வழி திறந்தவர் லைமன். அவருடைய தந்தை ஆர்தர் லைமன் நியூயார்க்கின் புகழ்பெற்ற வழக்கறிஞர். முதலீடு அவர் மூலம் வந்தது. தானே இயக்க நினைத்திருந்த ஃபேவ்ரோ அந்தப் பொறுப்பை லைமனிடம் விட்டுக்கொடுத்தார். லைமன் இயக்குநர் மட்டுமல்ல, ஒளிப்பதிவாளரும் அவரே. சுமார் மூன்று வாரத்தில் படப்பிடிப்பு முடிந்தது.

அந்த மூன்று வாரங்களில் பணமின்மையே படத்தின் தோற்றத்தைத் தீர்மானித்தது. ஒரு மதுக்கூடத்தை இரவு முழுவதும் வாடகைக்கு எடுத்து, துணை நடிகர்களை நிரப்பி, விளக்குகளை அடுக்கிப் படமெடுக்க வசதியில்லை. எனவே கடை வழக்கம்போல் திறந்திருக்கும்போதே, வந்திருக்கும் வாடிக்கையாளர்களின் நடுவில் படமெடுத்தார்கள். படப்பிடிப்பு நடப்பதாக வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டினால் போதும். மங்கலான ஒளியிலும் பதியக்கூடிய ஃபிலிம், எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய கேமரா, கடையில் ஏற்கெனவே எரியும் விளக்குகள் என்று லைமன் தன் கருவிகளைச் சுருக்கிக்கொண்டார். முகங்களில் பாதி நிழல் விழுகிறது. ஃபிலிமில் சொரசொரப்புத் தெரிகிறது. பின்னால் யாரோ தம் பாட்டுக்குக் குடித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். கோடிகளைக் கொட்டி அமைக்கும் இரவு விடுதிக் காட்சிகளில் இந்த உண்மை எளிதில் வருவதில்லை. லாஸ் வேகாஸ் சூதாட்டக் காட்சிகளிலும் அதே சிக்கனம்தான்: ஸ்டார்டஸ்ட் விடுதியின் முகப்பைக் காட்டிவிட்டு, உட்புறத்தை ஃபிரீமான்ட் விடுதியில் எடுத்தார்கள்.

மைக் நியூயார்க்கிலிருந்து வந்து ஆறு மாதம் ஆகிறது. ஆறு வருடம் பழகிய மிஷெலைப் பிரிந்தவன், அவள் அழைப்பாள் என்று காத்திருக்கிறான். அவன் மனத்தை மாற்ற ட்ரென்ட் ஒரு ராத்திரியில் லாஸ் வேகாஸுக்கு இழுத்துப்போகிறான். பாலைவன நெடுஞ்சாலையில் உற்சாகக் கூச்சல் போட்டுக்கொண்டு போகிறவர்கள், ஏழைக்கு எட்டாத பந்தய மேசையில் கௌரவத்துக்காக உட்கார்ந்து, கொண்டுபோன பணத்தைச் சில நிமிடங்களில் இழக்கிறார்கள். அங்கே பழக்கமான பெண்ணிடமும் மைக் தன் பழைய காதலியைப் பற்றியே பேசுகிறான். பயணம் தோல்வி. பிறகு வரும் இரவுகளும் பெரும்பாலும் அப்படித்தான்: ஒரு விருந்து, அது சரியில்லையென்று இன்னொரு இடம், அங்கிருந்து வேறோர் இடம்.

லாஸ் ஏஞ்சலிஸில் இரவு வாழ்க்கை என்பதன் பெரும்பகுதி பயணமே என்பதைப் படம் நன்றாக அறிந்திருக்கிறது. ஊர் அவ்வளவு பரந்தது. ஒவ்வொருவரும் தனித்தனிக் காரில், ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் போகிறார்கள். நண்பர்கள் உண்மையில் நெருங்கும் நேரம் வண்டி நிறுத்துமிடத்திலும், சூவின் வீட்டில் ஐஸ் ஹாக்கி வீடியோ விளையாட்டின் முன்னாலும், விடியற்காலை உணவகத்திலும்தான் வாய்க்கிறது. சூ என்பது ஆண் பாத்திரம். பேட்ரிக் வான் ஹார்ன் நடித்தது. ஒரு சில்லறைத் தகராறில் சூ துப்பாக்கியை நீட்ட, நண்பர்கள் கண்டிக்க, ஆத்திரத்தில் அவன் மைக்கின் புலம்பலைச் சொல்லிக் குத்துகிறான். சில நாள் கழித்து மைக் மன்னிப்புக் கேட்கப் போகும்போது, அன்று துப்பாக்கி முனையில் நின்றவர்களே சூவின் வீட்டில் அமர்ந்து ஹாக்கி விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். இளம் வயதுச் சண்டைகள் எவ்வளவு வேகமாக மூண்டு எவ்வளவு வேகமாக அணைகின்றன என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

படத்தின் உச்சம் தொலைபேசிக் காட்சி. மதுக்கூடத்தில் சந்தித்த நிக்கியின் எண்ணை வாங்கிவந்த மைக், நள்ளிரவு தாண்டி அவளை அழைக்கிறான். பதில் சொல்வது ஆன்சரிங் மெஷின். பேசி முடிப்பதற்குள் நேரம் முடிந்து இணைப்பு அறுகிறது. விளக்கம் சொல்ல மறுபடி அழைக்கிறான். அந்த விளக்கத்தைத் திருத்த மறுபடியும். ஒரு அறை, ஒரு மனிதன், ஒரு தொலைபேசி. செலவே இல்லாத இந்தக் காட்சியில் தனிமையும் வெட்கமும் அடுக்கடுக்காக ஏறுகின்றன. முடிவில் நிக்கியே எடுத்து, இனி அழைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுகிறாள். அதன்பிறகு வெளியே வராமல் கிடக்கும் மைக்கைத் தேடி ராப் வருகிறான். இரவுகளில் துள்ளித் திரிந்த ட்ரென்டால் முடியாததை, பகலில் பக்கத்தில் உட்கார்ந்து அமைதியாகப் பேசும் ராப் செய்துவிடுகிறான். நட்பைப் பற்றிப் படம் சொல்வதில் மிக ஆழமானது இந்த இடம்.

குறையும் உண்டு. பெண்களை வென்றெடுக்க வேண்டிய பொருளாகப் பேசும் ட்ரென்டின் வாய்ச்சவடாலுக்குத் திரையில் நிறைய இடம். பெண்களுக்கோ மிகக் குறைவு. அந்தச் சவடால் மறுபடி மறுபடி சறுக்குவதைக் காட்டுவதால் படம் அவன் பக்கம் நிற்கவில்லை என்பது தெளிவு. இருந்தாலும், ஹெதர் கிரஹாம் நடித்த லொரைன் இறுதிப் பகுதியில்தான் வருகிறாள். அவளிடம் மைக் எந்த உத்தியும் இல்லாமல் பேசுகிறான், ஆடுகிறான். மறுநாள் மிஷெல் அழைக்கிறாள். அதே நேரத்தில் மறு இணைப்பில் லொரைன். காத்திருந்த குரலை வைத்துவிட்டுப் புதிய குரலை எடுக்கிறான் மைக்.

அந்த நடனம் நடந்த டெர்பி விடுதி லாஸ் ஃபெலிஸ் பகுதியில் இருந்தது. 1920களில் எழுந்த குவிமாடக் கட்டடத்தில் 1993இல் தொடங்கப்பட்டது. 1930, 40களின் ஸ்விங் இசையும் நடனமும் அங்கே இளைஞர்களிடம் மீண்டும் உயிர்பெற்றிருந்தன. படத்தில் மேடையேறும் பிக் பேட் வூடூ டாடி குழு, 1999இல் சூப்பர் பவுல் அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் இடைவேளை நிகழ்ச்சி வரை போயிற்று. ஒரு நகரத்தின் சிறு வட்டத்துக்குள் இருந்த மோகம் நாடு முழுவதும் பரவியதில் இந்தப் படத்துக்குக் கணிசமான பங்கு உண்டு. டெர்பி 2009இல் மூடப்பட்டது. கட்டடம் மட்டும் நகரின் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னமாக நிற்கிறது.

மிராமாக்ஸ் நிறுவனம் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்துப் படத்தை வாங்கியது. அமெரிக்கத் திரையரங்குகளில் வசூலானது ஏறத்தாழ 45 லட்சம்தான். வீடியோ நாடாக்கள் வழியே கல்லூரி விடுதிகளிலும் நண்பர்கள் வீடுகளிலும் அது பின்னர் பரவியது. ‘ஜாஸ்’ படத்தின் இசையைப் பயன்படுத்த அனுமதி கேட்டபோது படத்தைப் பார்த்த ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், 1997இல் வந்த ‘தி லாஸ்ட் வேர்ல்ட்: ஜுராசிக் பார்க்’ படத்துக்கு வின்ஸ் வானைத் தேர்ந்தெடுத்தார். லிவிங்ஸ்டனுக்கு 1999இல் ‘ஆஃபீஸ் ஸ்பேஸ்’ அமைந்தது. அதே ஆண்டு லைமன் ‘கோ’ படத்தில் லாஸ் ஏஞ்சலிஸ், லாஸ் வேகாஸ் இரவுகளுக்கே திரும்பினார். 2002இல் ‘தி பார்ன் ஐடென்டிடி’யை இயக்கி, கையிலேந்திய கேமராவின் பதற்றத்தைப் பெரிய படத்துக்குள் கொண்டுபோனார். ஃபேவ்ரோ 2001இல் ‘மேட்’ படத்தில் வின்ஸ் வானோடு சேர்ந்து நடித்து, அதைத் தானே இயக்கினார். 2008இல் வெளியான ‘அயர்ன் மேன்’ படத்தை இயக்கும் வாய்ப்பும் அவருக்கு வந்தது.