உறைபனியை வெல்லும் வாய்க்கால்கள்

டிட்டிகாக்கா ஏரிக்கரையில் உருளைக்கிழங்கு போட்டவர் நிம்மதியாகத் தூங்க முடியாது. கடல் மட்டத்திலிருந்து 3,800 மீட்டர் உயரம். பெருவும் பொலிவியாவும் பங்கிட்டுக்கொள்ளும் அந்தச் சமவெளியில் பகலெல்லாம் வெயில் காயும். இரவில் உறைபனி இறங்கினால் விடிவதற்குள் செடிகள் கருகிவிடும். ஒரு பருவம் மழை பொய்க்கும். இன்னொரு பருவம் ஏரி பொங்கி வயலை மூழ்கடிக்கும்.

இத்தனைக்கும் ஈடுகொடுக்கும் வழியைச் சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்குள்ள பூர்வகுடிகள் கண்டுவிட்டார்கள். ‘வாரு வாரு’ என்று அதற்குப் பெயர். மண்ணை வெட்டி மேட்டுப்பாத்தி போடுவார்கள். வெட்டிய பள்ளமே வாய்க்கால். பாத்தி 4 முதல் 10 மீட்டர் அகலம், ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். வெள்ளம் வந்தால் வேர் அழுகாது. மழை குறைந்தால் வாய்க்கால் ஈரம் காக்கும். உறைபனிக்கான ஏற்பாடுதான் என்னை அசரவைக்கிறது. வாய்க்கால் தண்ணீர் பகல் வெயிலின் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெல்ல வெளியே விடுகிறது. பாத்தியைச் சுற்றிய காற்று ஓரிரு டிகிரி கதகதப்பாகிறது. செடி பிழைக்கப் பல இரவுகளில் அது போதும். நீர்ச்செடிகள் மக்கிய வாய்க்கால் சேற்றை அள்ளிப் போட்டால் அதுவே உரம்.

ஸ்பானியர் வருவதற்கு முன்பே இந்தப் பாத்திகளில் பெரும்பாலானவை கைவிடப்பட்டு, மேய்ச்சல் நிலத்தில் வெறும் மேடுபள்ளமாகக் கிடந்தன. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொல்லியலாளர் கிளார்க் எரிக்சனும் வேளாண் வல்லுநர் இக்னாசியோ கராய்கோச்சியாவும் பெருவின் வாட்டா ஊரைச் சேர்ந்த கெச்சுவா உழவர்களோடு சேர்ந்து சிலவற்றைத் திரும்ப அமைத்தார்கள். காலால் மிதித்து மண்ணைப் பிளக்கும் ‘சக்கிதாக்லா’தான் கருவி. ஹெக்டேருக்குச் சுமார் 10 டன் உருளைக்கிழங்கு விளைந்தது. அந்த வட்டாரத்தில் வழக்கமாகக் கிடைத்தது 1 முதல் 4 டன்தான்.

சேதி பரவியதும் அரசும் தொண்டு நிறுவனங்களும் இறங்கின. பாத்தி போட வந்தவர்களுக்குக் கூலியும் உணவுப்பொருளும் கொடுத்தன. உதவி நின்றதும் பல வயல்கள் மீண்டும் தரிசாயின. பழைய முறை இந்தக் காலத்துக்குச் சரிப்படாது என்று அதை வைத்து முடிவுகட்டுவது தவறு. முறை தோற்கவில்லை. வாய்க்கால் தூர்வார ஆண்டுதோறும் ஆள் வேண்டும். இன்று என் வயலுக்கு நீ, நாளை உன் வயலுக்கு நான் என்ற ‘ஐனி’ வழக்கம் உயிரோடு இருக்கும் ஊரில்தான் அது நடக்கும். கூலிக்காகக் கூடிய கூட்டம் கூலியோடு கலைந்தது.

2023 வறட்சியில் டிட்டிகாக்காவின் நீர்மட்டம் மிக மோசமாக இறங்கியது. ஆனாலும் பெருவின் பூனோ பகுதியிலுள்ள அகோராவில் அய்மாரா உழவர்கள் இன்றும் வாரு வாருவில் உருளைக்கிழங்கும் கினோவாவும் விளைவிக்கிறார்கள். இதற்கு மறுபடியும் பணம் ஒதுக்க நினைப்பவர்கள் பாத்திக் கணக்கைப் பிறகு பார்க்கட்டும். அடுத்த பத்து ஆண்டுக்கு வாய்க்காலை யார் தூர்வாருவது என்று முதலில் அந்த ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசட்டும்.